4 எச் 4 டி மனப்பாடம் ஆச்சு, ஆனா ஆள் முன்னாடி கிடக்கும்போது எது காரணம்னு எப்படிப் பிடிக்கிறது?

பேராக்_பையன்:

வணக்கம் அண்ணே அக்கா எல்லாருக்கும். நான் எம்ஏ (மெடிக்கல் அசிஸ்டென்ட்) படிப்பு கடைசி வருசம், இப்ப மலேசியா பேராக்குல சுங்கை சிப்புட் பக்கத்துல ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில பிராக்டிக்கல் ஓடுது. சுத்தி பூரா செம்பனைத் தோட்டம், வர்றவங்கள்ல நிறைய பேரு தோட்டத்து ஆளுங்க, வங்காளதேசம் இந்தோனேசியா தொழிலாளிங்க, அப்புறம் டவுன்ல இருக்கிற வயசான நம்மாளுங்க.

விசயம் இதுதான். நெஞ்சு (இதயம்) நின்னு போனா சிபிஆர் (நெஞ்ச அமுக்கி மூச்சு குடுக்கிறது) பண்ணிக்கிட்டே திருப்பக்கூடிய காரணத்தத் தேடணும்னு படிச்சிருக்கேன். ஆக்சிஜன் குறைவு, ரத்தம் தண்ணி குறைவு, பொட்டாசியம் ஏறுறது இறங்குறது, உடம்பு சில்லுன்னு போறது, இது இங்கிலீஷ்ல எச் எழுத்துல தொடங்குற பக்கம். டென்சன் நியூமோதோராக்ஸ் (நெஞ்சுக்கூட்டுல காத்து அடைச்சு நுரையீரல நசுக்குறது), இதயத்தச் சுத்தி ரத்தம் கட்டுறது, விசம், ரத்தக்கட்டி, இது டி பக்கம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா ரெட் சோன்ல (உயிருக்குப் போராடுற ஆளுங்களப் பாக்குற இடம்) நிக்கும்போது பாக்குறேன், டாக்டர் கட்டில் கால்மாட்டுல நின்னுக்கிட்டு சொந்தக்காரங்ககிட்ட ரெண்டே கேள்வி கேக்குறாரு, ரத்த ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே "கால்சியம் எடு"ங்கிறாரு. எப்படிங்க இது? நான் வரிசையா முதல்லேருந்து ஒவ்வொண்ணா யோசிச்சா மூணாவது வர்றதுக்குள்ள ரிதம் செக் (அமுக்குறத நிறுத்தி மானிட்டரப் பாக்குற நேரம்) வந்துடுது. இன்னொண்ணு, சில சார்ட்டுல 4, சில சார்ட்டுல 5ன்னு போட்டிருக்கே, எதப் படிக்கிறது?

ரெட்சோன்_அண்ணன்:

தம்பி நல்ல கேள்வி. 4ஆ 5ஆங்கிற கதைய முதல்ல முடிச்சிடுவோம். ஐரோப்பாக்காரங்க 4, அமெரிக்காக்காரங்க 5, அவ்வளவுதான். அமெரிக்க லிஸ்ட்ல அசிடோசிஸ (ரத்தத்துல அமிலம் ஏறுறது) தனியா எண்ணுவாங்க, ரத்தக்கட்டிய இதயத்துக்கு ஒண்ணு நுரையீரலுக்கு ஒண்ணுன்னு பிரிப்பாங்க. முன்ன சர்க்கரை குறையறதும் அதுல இருந்துச்சு, 2010ல எடுத்துட்டாங்க. அதுக்காக சர்க்கரை குத்திப் பாக்காம இருந்துடாத, டயபெட்டிஸ் ஊரு இது.

இப்ப விசயத்துக்கு வர்றேன். லிஸ்ட வரிசையா ஓட்டக்கூடாது. லிஸ்ட் எதையும் மறந்துடாம இருக்கத்தான், காரணத்தச் சொல்றது வாசல்ல அழுதுக்கிட்டு நிக்கிற ஆளு. ஆள உள்ள தள்ளுன உடனே சொந்தக்காரங்களயும் வெளிய தள்ளிடுறோம் பாரு, பாதி பதில் அவங்களோட சேந்து வெளிய போயிடுது. யாராவது ஒருத்தர், நீ பயிற்சி ஆளா இருந்தா நீயே போ, போய் கேளு: யாரு பாத்தது, எப்ப விழுந்தாரு, விழறதுக்கு முன்னாடி என்ன சொன்னாரு, நெஞ்சு வலியா மூச்சு முட்டலா வயித்து வலியா, ரெண்டு மூணு நாளா காய்ச்சலா, கிட்னி கழுவுற (டயலிசிஸ்) நோயாளியா, கடைசியா எப்ப கழுவுனாரு, என்ன மருந்து சாப்பிடுறாரு, வீட்டுல ஸ்டோர்ல என்ன மருந்து இருக்கு, யார்கூடயாவது சண்டையா. கடைசிக் கேள்விய மெதுவா கேளு, ஆனா கேளு.

உன் டாக்டர் ரெண்டே கேள்வியில கால்சியம் கேட்டாருன்னா அவர் மந்திரவாதி இல்ல, சட்டைக் கைய மேல தள்ளி ஃபிஸ்டுலாவ (டயலிசிஸுக்காகக் கை ரத்தக்குழாய இணைச்சு வச்ச இடம்) பாத்துட்டுத்தான் கேட்டிருப்பாரு. ஆளப் பாக்குறதுன்னா அது. கையில ஃபிஸ்டுலா இருக்கா, கால்ல மாவுக்கட்டு இருக்கா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கா, வாயில நுரையா, கண்மணி ஊசிமுனை மாதிரி இருக்கா, வயிறு உப்பியிருக்கா, உடம்புல கடி அடையாளம் இருக்கா, துணியில என்ன வாசம். இதெல்லாம் அமுக்குறத நிறுத்தாம பாக்கலாம்.

ஆனா ஒண்ணு, இத்தனை தேடுற அவசரத்துல அமுக்குறது கெட்டுப்போச்சுன்னா காரணம் கண்டுபிடிச்சும் பிரயோஜனம் இல்ல. நிமிசத்துக்கு 100லேருந்து 120, ஆழம் 5லேருந்து 6 செண்டிமீட்டர், 2 நிமிசத்துக்கு ஒருக்கா ஆள் மாத்து, அட்ரினலின் 1 எம்ஜி 3லேருந்து 5 நிமிசத்துக்கு ஒருக்கா. விஎஃப்னா, அதாவது இதயம் தாறுமாறா துடிக்கிற ரிதம்னா, முதல்ல ஷாக்குதான். அதுலயும் ஷாக் மேல ஷாக் அடிச்சும் திரும்பலேன்னா காரணம் தேடித்தான் ஆகணும், பெரும்பாலும் இதய ரத்தக்குழாய் அடைப்பா இருக்கும். மானிட்டர்ல துடிப்பு அலை ஓடுது, ஆனா நாடி இல்ல, அதுதான் பிஇஏ, அங்க ஷாக்குக்கு வேலையே இல்ல, காரணத்தப் பிடிக்கலன்னா ஆள் போயிடும்.

முதல்ல எதப் பாக்கணும்னா, எப்பவும் ஆக்சிஜன். கைக்கு எட்டுன தூரத்துல இருக்கிறது அதுதான். பேராக்குல பழைய ஈயச் சுரங்கக் குட்டை நிறைய, லீவு நாள்ல பிள்ளைங்க குளிக்கப் போய் மூழ்குறது வருது, அதுல முதல்ல 5 தடவ மூச்சு ஊதிட்டுத்தான் அமுக்க ஆரம்பிக்கணும், பெரியவங்களா இருந்தாலும் மூழ்கின ஆளுக்கு அப்படித்தான். ஆஸ்துமாவுல நின்னு போனவங்களுக்கு மூச்சு குடுக்கிற பேக்க வேகவேகமா அமுக்காத, காத்து உள்ள தங்கி நெஞ்சு உப்பி ரத்தம் திரும்பி வராம போயிடும், தேவைப்பட்டா டியூப்பக் கழட்டி விட்டு நெஞ்ச அமுக்கி காத்த வெளிய விடுவாங்க.

இடது பக்கம் மூச்சு சத்தம் கேக்கலேன்னா உடனே டென்சன் நியூமோதோராக்ஸ்னு ஊசி எடுத்துக் குத்த ஓடாத தம்பி. டியூப் ஆழமாப் போய் வலது நுரையீரலுக்குள்ள மட்டும் உக்காந்திருந்தாலும் அப்படித்தான் கேக்கும். முதல்ல டியூப் எத்தனை செண்டிமீட்டர்ல இருக்குன்னு பாரு, கொஞ்சம் வெளிய இழு, திரும்பக் கேளு. அப்பவும் ஒரு பக்கம் சத்தமில்ல, தட்டினா டங்குன்னு கேக்குது, பேக் அமுக்க இறுகுது, அதுவும் செம்பனை மட்டை நெஞ்சுல விழுந்த ஆளு, லோரி இடிச்ச ஆளுன்னா, எக்ஸ்ரே எடுக்கக் காத்திருக்காத. காலர் எலும்பு நடுவுலேருந்து நேரா கீழ, 2ஆவது விலா இடைவெளி, இல்லேன்னா பக்கவாட்டுல 4ஆவது 5ஆவது இடைவெளி. கொழுத்த நெஞ்சுன்னா ஊசி எட்டாமயே போகும், அதனால தெரிஞ்சவங்க பக்கவாட்டுல கத்தி வச்சு விரல் விட்டே திறந்துடுவாங்க. மூச்சுக்குழாய் ஒரு பக்கம் விலகி இருக்கிறத எதிர்பாத்துக்கிட்டு இருந்தீன்னா லேட்டு, அது கடைசியில வர்ற அடையாளம்.

அல்ட்ராசவுண்டு இருந்தா ரிதம் செக் அந்த 10 வினாடிக்குள்ள ஒரு வீடியோ எடுத்துட்டு அமுக்கும்போது போட்டுப் பாரு. இதயத்தச் சுத்தி தண்ணி கட்டியிருந்தா தெரியும். காசநோய், புத்துநோய், டயலிசிஸ் ஆளுங்களுக்கு அது மெதுவா சேரும், மார்பெலும்பு முனைக்குக் கீழேருந்து ஊசி போட்டு எடுக்கலாம். பாராங் கத்திக் குத்துல வந்ததுன்னா ரத்தம் உறைஞ்சு கிடக்கும், ஊசியில வராது, நெஞ்சத் திறக்கணும். வலது பக்க இதயம் பெருசாத் தெரிஞ்சா உடனே நுரையீரல்ல ரத்தக்கட்டின்னு முடிவு பண்ணிடாத, நின்னு போன நெஞ்சு எதுலயும் கொஞ்ச நேரத்துல வலது பக்கம் வீங்கத்தான் செய்யும்.

டயலிசிஸ்_அக்கா:

அண்ணன் ஃபிஸ்டுலாவத் தொட்டதால நான் வர்றேன். டயலிசிஸ் சென்டர்ல மிஸ்ஸியா (நர்ஸா) இருக்கேன்.

தம்பி, எங்க ஆளுங்களுக்கு வாரத்துல 3 தடவ கழுவுறோம், அதுல ஒரு இடைவெளி மட்டும் ரெண்டு நாளு சேந்து வரும், அந்த நீள இடைவெளி முடியுற நேரத்துலதான் திடீர் சாவு அதிகம். தீபாவளி, தைப்பூசம், பேரப்பிள்ள கல்யாணம்னு அத ஒரு தடவ விட்டுட்டா மூணு நாலு நாளா ஆயிடும். அப்புறம் டுரியான் சீசன். வெயில்ல நடந்து வந்துட்டு இளநீ ரெண்டு காய். இளநீ உடம்புக்கு நல்லதுதானே மிஸ்ஸின்னு கேப்பாங்க, கிட்னி இருக்கிறவங்களுக்கு நல்லதுதான். நட்சத்திரப் பழம் அதவிட மோசம், அது விக்கல்ல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் கொண்டு போகும்.

ஈசிஜியில டி அலை கூம்பா ஏறும், பி அலை படுத்துடும், க்யூஆர்எஸ் அகலமாயிட்டே போய் கடைசியில பாம்பு நெளிஞ்ச மாதிரி ஒரே அலையா ஓடும். ஆனா எல்லாருக்கும் பாடப்புத்தகப் படி வராது, பொட்டாசியம் 8 இருந்தும் ஈசிஜி சுமாரா இருந்தவங்களப் பாத்திருக்கேன். அதனாலதான் டயலிசிஸ் ஆளு, கழுவ வரல, நெஞ்சு நின்னுடுச்சுன்னா லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க மாட்டாங்க. 10 சதவீத கால்சியம் குளோரைடு 10 எம்எல் வேகமா, அது இல்லாம குளுகோனேட் மட்டும் இருந்தா 30 எம்எல். ஒரே ஆம்பியூல் 10 எம்எல் குளுகோனேட் போட்டுட்டு கால்சியம் குடுத்தாச்சுன்னு எழுதி வைக்கிறாங்க, அதுல இருக்கிற கால்சியம் குளோரைடுல இருக்கிறதுல மூணுல ஒரு பங்குதான். கால்சியம் பொட்டாசியத்த இறக்காது, இதயத்தக் காப்பாத்தி நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். இறக்குறதுக்கு இன்சுலின் 10 யூனிட்டோட 25 கிராம் குளுக்கோஸ், பைகார்ப் 50 எம்எம்ஓஎல். பைகார்பையும் கால்சியத்தையும் ஒரே லைன்ல அடுத்தடுத்து விட்டுடாத, நடுவுல சலைன் விட்டுக் கழுவு, இல்லேன்னா சுண்ணாம்பா கெட்டியாயிடும். உடம்பவிட்டு வெளியேத்துறது டயலிசிஸ்தான், ஆள் திரும்பின உடனே அதுக்கு வழி பண்ணணும்.

மெசின்ல இருக்கும்போதே நின்னு போச்சுன்னா தண்ணி எடுக்கிறத நிறுத்திட்டு ரத்தத்தத் திருப்பி உள்ள விடு, மெசினிலேருந்து ஆளப் பிரிச்சிடு, ஊசிய மட்டும் உருவாத, மருந்து குடுக்க அதே வழி உதவும். மத்த நேரத்துல ஃபிஸ்டுலாவுல கை வைக்கக்கூடாதுன்னு நாங்களே கத்துவோம், ஆனா உயிர் போற நேரத்துல வேற வழியில்லேன்னா அதுலயே போடு.

பொட்டாசியம் குறையறதும் மறக்காத, பேதி வாந்தியில ரெண்டு மூணு நாளு கிடந்த ஆளு, தண்ணி மாத்திரை (மூத்திரம் போக வைக்கிறது) சாப்பிடுற ஆளு. அதுக்குப் பொட்டாசியத்தோட மெக்னீசியம் 2 கிராமும் சேத்துக் குடுப்பாங்க, மெக்னீசியம் இல்லாம பொட்டாசியம் மட்டும் ஏத்தினா நிக்காது.

பழைய_டிரஸ்ஸர்:

தோட்டத்து டிரஸ்ஸரா, அதாவது தோட்ட கிளினிக்கப் பாத்துக்கிறவனா, இருந்து ரிட்டயர் ஆனவன். இந்த மருந்து அளவெல்லாம் பிள்ளைங்க சொல்லிட்டாங்க, நான் விசத்தப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா டவுன்ல படிக்கிற பிள்ளைங்களுக்கு அது லிஸ்ட்ல ஒரு வார்த்தை, எங்களுக்கு அது தோட்டம்.

பூச்சி மருந்து குடிச்ச ஆள் வந்தா வாசலுக்கு வரும்போதே தெரியும். பூண்டு மாதிரி ஒரு நாத்தம், வாயில நுரை, கண்ணீர், வேர்வை, மூத்திரம் மலம் கட்டுப்பாடில்லாம போகும், கண்மணி சுருங்கிப் போயிருக்கும், சதை துடிக்கும். செம்பனை மரத்துல துளை போட்டு ஊத்துற பூச்சி மருந்து அந்த ரகம். நெஞ்சு நிக்கிறது எதனாலன்னா நுரையீரல் பூரா சளி, மூச்சு விடுற தசை செயலிழந்து போச்சு, அதாவது விசத்தோட சேந்து ஆக்சிஜன் பிரச்சனைதான். அட்ரோபின் 5லேருந்து 10 நிமிசத்துக்கு ஒருக்கா ரெட்டிப்பாக்கிக்கிட்டே போகணும், நெஞ்சுல சளி காயுற வரைக்கும். கண்மணி பெருசாயிடுச்சு போதும்னு நிறுத்துறவங்க உண்டு, அது கணக்கு இல்ல, நெஞ்சு காய்ஞ்சிருக்கான்னு கேளுங்க. துணியக் கழட்டி உடம்பக் கழுவுங்க, உங்க கையில கிளவுஸ் போட்டுக்கிட்டுச் செய்யுங்க, சட்டையில இருக்கிறது உங்களுக்கும் ஏறும்.

புல்லு மருந்து வேற கதை. பாராகுவாட்ட 2002ல தடை பண்ணி, 2006ல விட்டுட்டு, 2020 ஜனவரி 1லேருந்து திரும்பத் தடை. தடைன்னா கடையில இல்ல, ஆனா பழைய வீட்டுப் பின்பக்கம் பாட்டில்ல இல்லேன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. இது குடிச்ச ஆளு பேசிக்கிட்டு நடந்துக்கிட்டுத்தான் வருவாரு, வாய் மட்டும் வெந்திருக்கும், சாவு நாள் கணக்குல வரும். இதுல ஆக்சிஜன் நுரையீரல இன்னும் கெடுக்கும், அதனால உயிரோட இருக்கிற ஆளுக்கு ரொம்பக் குறைஞ்சாத்தான் குடுப்பாங்க.

சம்சு, அதாவது மலிவு சாராயம். 2018ல சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த சரக்கு குடிச்சு எத்தனை பேர் செத்தாங்க, பேப்பர்ல பாத்திருப்பீங்க. கண்ணு மங்குது, பனி மூட்டமா தெரியுதுன்னு சொல்வான், வயித்து வலி, ஆழமா வேகமா மூச்சு விடுவான், அதுதான் உடம்புல அமிலம் ஏறின அடையாளம். குடிச்ச அன்னைக்கே வராது, மறுநாள் வரும், குடிச்சவன் தலைசுத்தல்னு வீட்டுல படுக்க வச்சிடுவாங்க. ஒருத்தன் அப்படி வந்தா கூடக் குடிச்சவங்க யாருன்னு அப்பவே கேட்டுத் தேடணும்.

நாகம் கடிச்சா கண் இமை தொங்கும், எச்சில் முழுங்க முடியாது, அப்புறம் மூச்சு நிக்கும், கடைசியா நெஞ்சு. அங்க நாம மூச்சக் குடுத்துக்கிட்டே இருந்தா விச முறிவு மருந்து வேலை செய்யுற வரைக்கும் ஆள் தாங்குவான். கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க.

அப்புறம் அருவா மாட்டுன அலுமினியக் கம்பு மின்சாரக் கம்பியில படுறது. ஓடிப்போய் ஆளத் தூக்குறவனும் விழுவான், கரண்ட் நின்னுச்சான்னு உறுதியாத் தெரியாம கிட்ட போகாதீங்க. இடி விழுந்த ஆளுக்கு நெஞ்சு பல நேரம் தானா திரும்பிடும், மூச்சு திரும்ப நேரமாகும், அதுக்குள்ள ஆக்சிஜன் இல்லாம நெஞ்சு மறுபடி நிக்கும். நாலஞ்சு பேர் மேல இடி விழுந்திருந்தா முனகுறவனப் பாக்காத, சத்தமே இல்லாம கிடக்கிறவன முதல்ல பாரு, மத்த விபத்துக்கு நேர்மாறு.

லயத்து_வீடு:

படிச்சவங்க பேசுற இடத்துல நுழையுறேன் மன்னிக்கணும். எங்க தோட்டத்துலேருந்து ஆஸ்பத்திரிக்கு மண்ணு ரோட்டுல வரணும், ஆம்புலன்ஸ் வர நேரமாகும். எங்க மாமாவுக்கு வாரத்துல மூணு நாள் கிட்னி கழுவுறாங்க, மாமிக்கு இனிப்பு நீர். வீட்டுல யாராவது விழுந்தா இந்த காரணமெல்லாம் நாங்க எப்படிப் பாக்குறது?

ரெட்சோன்_அண்ணன்:

அக்கா இதுல மன்னிப்பு எதுக்கு. நீங்க காரணம் பாக்க வேணாம், எங்களுக்குக் காரணம் தெரியுற மாதிரி சேதிய கொண்டு வாங்க, அது போதும். கூப்பிட்டா எழும்பல, மூச்சு ஒழுங்கா இல்லேன்னா 999 போடுங்க, போன ஸ்பீக்கர்ல வைங்க, அந்தப் பக்கம் சொல்லித் தருவாங்க, நெஞ்சு நடுவுல கைய வச்சு அமுக்க ஆரம்பிச்சிடுங்க. அப்பப்ப கொரட்டை மாதிரி ஒரு மூச்சு இழுப்பு வரும், அத உயிர் இருக்குன்னு நெனச்சு நிறுத்திடாதீங்க. தோட்டத்து கேட்டுல ஒருத்தர் நின்னு வண்டிக்கு வழி காட்டட்டும், இருட்டுல லயம் நம்பர் தேடுறதுலயே நேரம் போயிடுது.

மாமாவோட டயலிசிஸ் புத்தகம், மாத்திரைப் பை, கடைசியா எந்தக் கிழமை கழுவுனாருங்கிறது, இத யாராவது ஒருத்தர் கையில எடுத்துக்கிட்டு வண்டியிலயே வாங்க. ஏதாவது குடிச்சிருப்பாருன்னு சந்தேகம்னா பாட்டிலயும் பையில கட்டி எடுத்துட்டு வாங்க, மானம் போகுதுன்னு மறைக்காதீங்க. மாமிக்கு வேர்த்து தடுமாறுறாங்கன்னா முழிப்பு இருக்கும்போதே இனிப்பு குடுங்க, மயங்கின பிறகு வாயில எதையும் ஊத்தாதீங்க. வீட்டுல யாருக்காவது டெங்கி காய்ச்சல்னா, காய்ச்சல் விட்ட நாள்லதான் கவனமா இருக்கணும், வயித்து வலி, விடாத வாந்தி, கை கால் சில்லுன்னு ஆகுது, மூத்திரம் குறையுதுன்னா ரத்தக்குழாய்லேருந்து தண்ணி கசிஞ்சு பிரசர் இறங்குது, அப்ப நெஞ்சு நிக்கிறதுக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்துடலாம்.

தம்பி இத நீயும் படி, ரத்தம் தண்ணி குறைவுன்னா வெளிய கொட்டுற ரத்தம் மட்டும் இல்ல. டெங்கி, குடல்ல ரத்தக் கசிவு, வயசுப் பொண்ணு வயித்து வலியோட மயங்கி விழுந்தா கருக்குழாய்ல கரு வெடிச்சது. அங்க சலைன் மட்டும் ஊத்திக்கிட்டு நிக்கக்கூடாது, ரத்தம் ஏத்து, ஆப்பரேசன் தியேட்டர எழுப்பு. அடிபட்ட ஆளுன்னா ரத்தக் கசிவக் குறைக்கிற டிரானெக்சாமிக் 1 கிராம், 3 மணி நேரத்துக்குள்ள.

பேராக்_பையன்:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா, ஐயா. இன்னும் ரெண்டு. உடம்பு சில்லுன்னு போறது நம்ம ஊர்ல வருமா? அப்புறம் நுரையீரல் ரத்தக்கட்டின்னு சந்தேகம் வந்தா எங்க சின்ன ஆஸ்பத்திரியில என்ன பண்றது, எவ்வளவு நேரம் அமுக்குறது?

ரெட்சோன்_அண்ணன்:

சில்லு நம்ம பக்கம் அபூர்வம், கேமரன் மலை மேல ராத்திரி தொலைஞ்சவங்க, தண்ணியில ரொம்ப நேரம் கிடந்தவங்க, அவ்வளவுதான். 30 டிகிரிக்குக் கீழன்னா அட்ரினலின் நிறுத்தி வச்சு, ஷாக் 3க்கு மேல போகாம சூடேத்து. சூடாகாத ஆள செத்துட்டார்னு முடிவு பண்ணக்கூடாது.

ரத்தக்கட்டிக்கு மறுபடி கதைதான் கேக்கணும். பிள்ளை பெத்து சில நாளு ஆன பொண்ணு, மோட்டார் விபத்துல கால் கட்டோட வாரக் கணக்கா படுத்தவன், புத்துநோய் ஆளு, எழுந்து பாத்ரூம் போனாரு, மூச்சு முட்டுதுன்னாரு, விழுந்தாரு. சந்தேகம் பலமா இருந்தா டாக்டர் ரத்தக்கட்டிக் கரைப்பான் குடுப்பாரு, அல்டிப்ளேஸ்னா 50 எம்ஜி ஒரே ஊசியா, அது டாக்டர் எடுக்கிற முடிவு, ரத்தக் கசிவு ஆபத்து உண்டு. குடுத்துட்டா 60லேருந்து 90 நிமிசம் அமுக்கத் தயாரா இருக்கணும், மருந்து வேலை செய்ய நேரம் வேணும்ல, பத்து நிமிசத்துல கைய விட்டுட்டா ஏன் குடுத்தோம்? இதய அடைப்புன்னா ஆள் திரும்பின உடனே 12 லீட் ஈசிஜி எடு, ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போன் பண்ணு.

90 நிமிசம் ரெண்டு பேரால முடியாது. குடுக்கிறதுக்கு முன்னாடியே வார்டுக்குப் போன் போட்டு கை காலியா இருக்கிற எம்ஏ, மிஸ்ஸி, அட்டெண்டன்ட் எல்லாரையும் இறக்கு, சுவரோரமா வரிசையா நிக்க வை, மெக்கானிக்கல் சிபிஆர் மெசின் ஆஸ்பத்திரியில எங்க இருக்கு, பேட்டரி சார்ஜ் இருக்கான்னு இன்னைக்கு சிஃப்ட்லயே போய்ப் பாத்து வச்சுக்கோ.